தோள்பட்டை இல்லாத உடைக்கு உள்ளே என்ன போடுவது?

இப்போதெல்லாம் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால் மேடையில் பட்டுப் புடவையை மட்டும் பார்ப்பதில்லை. கவுன், லெஹங்கா என்று பெண்கள் விதவிதமாக உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள். அதிலும் தோளில் பட்டையோ கையோ இல்லாமல், மார்புக்கு மேலே சட்டென்று நின்றுவிடுகிற உடைதான் இப்போது பல பெண்களுக்கு ஆசை. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப் பேர், "ஐயே, இதென்ன கோலம்!" என்று முணுமுணுப்போம். மீதிப் பேர், "நன்றாகத்தானே இருக்கிறது!" என்போம்.

அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவரவர் வீடு, அவரவர் விருப்பம். என் கண்ணில் படுவது அந்தப் பெண்ணின் இடது கைதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது அக்குள் பக்கம் போய் உடையை மேலே இழுத்துவிடும். பெரியவர்கள் வந்தால் குனிந்து கும்பிடப் பயம். தோழி கட்டிக்கொள்ள வந்தால் பயம். போட்டோக்காரர் கையைத் தூக்கச் சொன்னால் முகம் வெளிறிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய உடையைச் சாயங்காலம் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டே நிற்பதா? உடையில் குறை இல்லை சகோதரிகளே. அதற்குள்ளே போட்டிருப்பதுதான் சரியில்லை.

குழம்புப் பொடிக்கும் குழந்தையின் சளிக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிறோம். பாடியைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. கடையில் வாங்கும்போதுகூடக் காகிதத்தில் சுற்றி, பைக்குள் பை போட்டு, திருட்டுச் சாமான் மாதிரிக் கொண்டுவருகிறோம். தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற துணி அது. அதைப் பற்றிப் பேச என்ன வெட்கம்?

தோளில்லாத உடை ஏதோ நேற்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது என்று நினைக்க வேண்டாம். கச்சு என்ற சொல் நம் மொழியில் எவ்வளவு பழசு! சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகளில் பெருமாளுக்கு வலப்பக்கம் ஸ்ரீதேவியும் இடப்பக்கம் பூதேவியும் நிற்பார்கள். ஸ்ரீதேவியின் மார்பில் குறுக்காக ஒரு பட்டை கட்டியிருக்கும். பூதேவிக்கு அது இருக்காது. இருவரில் யார் யார் என்று அடையாளம் காண இதுவும் ஒரு குறி. அந்தப் பட்டைக்குக் குசபந்தம் என்று பெயர். அடுத்த தடவை அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போனால் பாருங்கள்.

மேல்நாட்டில்தான் இதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. 1884ம் வருஷம் பாரிஸில் சார்ஜென்ட் என்ற ஓவியர் ஒரு சீமாட்டியைக் கறுப்பு உடையில் வரைந்து கண்காட்சிக்கு வைத்தார். உடையின் ஒரு பக்கத்துத் தோள்பட்டை நழுவிக் கிடப்பது போல வரைந்திருந்தார். அவ்வளவுதான், ஊரே கொதித்துவிட்டது. பிறகு அவரே அந்தப் பட்டையைத் தோளின் மேல் ஏற்றித் திருத்தி வரைந்தார். இன்று அந்தப் படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. பட்டை கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் இத்தனை பெரிய வித்தியாசம்!

1946ல் வந்த 'கில்டா' படத்தில் ரீட்டா ஹேவொர்த் கறுப்பு சாட்டின் துணியில், தோளில் எதுவுமே இல்லாத உடை போட்டுக்கொண்டு ஆடுவார். கையைத் தூக்குகிறார், உடம்பை வளைக்கிறார், உடை அசையவில்லை. மாயம் ஒன்றுமில்லை. உடையைத் தைத்த ஜான் லூயி என்ற வடிவமைப்பாளர் உள்ளே விறைப்பான பட்டைகளை வைத்து ஒரு கூடு மாதிரி கட்டியிருந்தார். வெளியே தெரிந்தது சாட்டின். தாங்கியது உள்ளே இருந்த கூடு. நம் பெண்களுக்குக் கடையில் சாட்டினை மட்டும் விற்கிறார்கள், கூட்டை யாரும் சொல்லித் தருவதில்லை.

இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன் என்றால், என் நாத்தனார் பெண்ணுக்காகத்தான். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நல்ல உயரம், கொஞ்சம் பூசின உடம்பு. கல்யாணம் நிச்சயமானதும் ரிசப்ஷனுக்கு ஒரு கவுன் பார்த்து ஆசைப்பட்டாள். இளநீல நிறம், தோள் கிடையாது. போனில் படத்தைக் காட்டியதுதான் தாமதம், சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தர், "இதெல்லாம் ஒல்லியா இருக்கிறவங்களுக்குடி. உன் உடம்புக்கு இது நிக்குமா?" என்று கூடத்திலேயே சொல்லிவிட்டார். அவ்வளவு பேர் முன்னால்! பாப்பா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "எனக்குக் கவுனும் வேணாம் ஒண்ணும் வேணாம் அத்தை. புடவையே கட்டிக்கிறேன். மேலே ஒரு சால்வை போட்டுக்கிறேன்," என்றாள்.

புடவை கட்டிக்கொள்ளட்டும், அதில் என்ன குறை? ஆனால், கல்யாணப் பெண் சால்வையால் உடம்பை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னது எனக்கு வலித்தது. "முதல்ல அளவு எடுத்துப் பாப்போம். அப்புறம் வேணுமா வேணாமான்னு நீயே சொல்லு," என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு இன்ச் டேப்பை எடுத்தேன். குர்தாவைக் கழற்றத் தயங்கித் தயங்கி நின்றாள். கழற்றியபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாடி போட்டிருந்தாள். இரண்டுமே 34. தோள் இரண்டிலும் பட்டை பதிந்து பள்ளம். மார்புக்குக் கீழே சிவந்து, தோல் உரிந்து, ஒரு நீளமான படை. "எத்தனை நாளா இப்படி?" என்றேன். "ஒன்பதாம் கிளாஸ்லேருந்து அத்தை. ஓடும்போது பசங்க சிரிச்சாங்க. அப்ப ஆரம்பிச்சது," என்றாள். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயசு. பன்னிரண்டு வருஷமாக ஒரு பெண் தன் உடம்பைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள், பெற்ற தாய்க்கும் தெரியவில்லை. என் நாத்தனார் பாவம், கண்ணளவில் "34 கொடுங்க" என்று கேட்டு வாங்கி, அலமாரியில் வைத்துவிடுவார். அம்மாவும் பெண்ணும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அளவு எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி முன் நேராக நின்று, மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப்பக்கம் டேப் ஏறாமல், தரைக்குச் சமமாக இருக்கட்டும். மூச்சை விட்டபின், சற்று இறுக்கமாகப் படியுங்கள். இரட்டைப்படை வந்தால் 4 அங்குலம், ஒற்றைப்படை வந்தால் 5 அங்குலம் கூட்டினால் அதுதான் பட்டையின் அளவு. பாப்பாவுக்கு 33 வந்தது. கூட்டினால் 38. அடுத்தபடியாக மார்பின் எடுப்பான இடத்தில் இறுக்காமல் அளக்க வேண்டும். அவளுக்கு 42. இந்த 42க்கும் 38க்கும் உள்ள வித்தியாசம்தான் கப்பின் அளவு. 1 அங்குலம் வந்தால் ஏ, 2 வந்தால் பி, 3க்கு சி, 4க்கு டி. ஆக அவள் அளவு 38 டி. போட்டிருந்ததோ 34 பி! கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை கொஞ்சம் மாறும். ஆகையால் பெட்டியின் மேல் சென்டிமீட்டரில் போட்டிருக்கிற அளவையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

"தோள்பட்டை இல்லேன்னா எது அத்தை தாங்கும்?" என்று கேட்டாள். நம் சமையலறையில் உறியும் உண்டு, பிரிமனையும் உண்டு. உறி மேலேயிருந்து தொங்கவிட்டுத் தாங்குகிறது. பிரிமனை அடியிலிருந்து தாங்குகிறது. பாடியில் தோள்பட்டைதான் உறி, மார்புக்குக் கீழே சுற்றிவருகிற பட்டைதான் பிரிமனை. சாதாரண பாடியில்கூடப் பெரும்பாரத்தை அந்த அடிப்பட்டைதான் தாங்க வேண்டும். தோள்பட்டை துணைக்கு மட்டும். அடிப்பட்டை அளவு தப்பினால் பாரமெல்லாம் தோளுக்குப் போய்ப் பள்ளம் விழுகிறது, கழுத்து வலிக்கிறது. தோளில்லாத உடைக்கு உறியே கிடையாது. பிரிமனை சரியாக உட்கார்ந்தால்தான் பானை நிற்கும்.

என்னென்ன வகை உண்டு என்று அவளோடு கடைக்குப் போய்ப் பார்த்தேன். திருச்சியில் இப்போது பெண்களே விற்கிற, போட்டுப் பார்க்க அறை உள்ள கடைகள் வந்துவிட்டன. கூச்சமில்லாமல் கேட்கலாம்.

முதல் வகை ஸ்ட்ராப்லெஸ் பிரா. பட்டை அகலமாக, பின்னால் மூன்று நான்கு கொக்கியாவது இருக்க வேண்டும். இரண்டு கொக்கிப் பட்டை தாங்காது. பக்கவாட்டில் விறைப்பான குச்சி, கப்புக்குக் கீழே கம்பி, மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் உட்புறம் வழுக்காமல் பிடிக்க ஒரு சிலிகான் கோடு, இவையெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த சிலிகான் கோடு படும் இடத்தில் பவுடரோ லோஷனோ எண்ணெயோ போடக்கூடாது. போட்டால் பிடிப்பு போய்விடும்.

இன்னொன்று இடுப்பு வரை நீண்டு வருகிற பாடி. பஸ்டியர், லாங்லைன் என்று கேளுங்கள். பாரத்தை விலா முழுக்கவும் இடுப்புக்குமாகப் பங்கிட்டு எடுத்துக்கொள்ளும். பூசின உடம்புக்கு இதைவிட நல்லது கிடையாது. உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டும். குச்சி வயிற்றில் குத்தினால் வேண்டாம்.

டியூப் பாடி என்று ஒன்று, கம்பியில்லாமல் துணிக் குழாய் மாதிரி இருக்கும். சின்ன மார்புள்ள பெண்களுக்கும், கனமில்லாத உடைக்கும் அது போதும். மற்றவர்களுக்கு அரை மணியில் இடுப்புக்கு வந்துவிடும்.

உடம்பில் ஒட்டிக்கொள்கிற சிலிகான் கப்பும் வருகிறது. முதுகு திறந்த உடைக்கு அது வசதி. ஆனால் அது மூடுமே ஒழியத் தாங்காது. நம் ஊர் வேர்வையில் மெல்ல நழுவும். குளித்து, துடைத்து, ஈரமில்லாத வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும். முந்தின நாளே ஒரு ஓரத்தைக் கையின் உட்புறத்தில் ஒட்டிப் பார்த்து, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று கவனியுங்கள். புண், படை உள்ளவர்களும் பால் கொடுக்கிற தாய்மார்களும் தொடவே வேண்டாம். கழற்றும்போது பிடுங்காமல், ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டை வைத்த பாடியை, "தெரியவே தெரியாதும்மா" என்று விற்பார்கள். மேடை விளக்கிலும் போட்டோ வெளிச்சத்திலும் பளபளவென்று அதுதான் முதலில் தெரியும். நாளானால் மஞ்சளும் அடிக்கும்.

வெள்ளை, வெளிர் நிற உடைக்கு உள்ளே வெள்ளைப் பாடி போட்டால் எடுத்துக் காட்டும். நம் தோல் நிறத்துக்கு ஒட்டிய நிறம்தான் மறைந்து நிற்கும். பூவேலை, லேஸ் இல்லாத வழவழப்பான துணியாக இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள். புதுசு கடைசிக் கொக்கியில், அதாவது லேசாக உள்ள கொக்கியில், சரியாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் தளர்ந்த பிறகு உள் கொக்கிக்குப் போகலாம். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. நடுவில் கம்பி சேரும் இடம் நெஞ்செலும்பில் படிந்து நிற்கட்டும். பக்கத்தில் கம்பி சதையின் மேல் ஏறினாலோ மேலே பிதுங்கினாலோ கப் சிறிது. தோளில்லாத பாடிக்குச் சிலர் பட்டையில் ஒரு அளவைக் குறைத்து, கப்பில் ஒரு அளவைக் கூட்டி வாங்குவார்கள். 38 டி உள்ளவர் 36 டிடி போட்டுப் பார்க்கலாம். கப்பின் கொள்ளளவு ஒன்றுதான், பிடி மட்டும் கூடும். மூச்சு முட்டினால் வேண்டாம்.

அப்புறம் கையிரண்டையும் தலைக்கு மேல் தூக்குங்கள். குனிந்து தரையைத் தொடுங்கள். உட்காருங்கள், இரண்டு குதி குதியுங்கள். பாப்பா அந்தச் சின்ன அறையில் குதித்துவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பாடி மட்டும் போதாது, உடைக்கும் ஒரு பிடி வேண்டும். கவுனின் கனம் மார்பில் தொங்கக்கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. உடையின் உட்புறம் இடுப்பில், நீளாத கெட்டி நாடா ஒன்றை இடுப்பளவுக்குச் சற்று இறுக்கமாக வைத்து, அங்கங்கே தையலில் பிணைத்து, பின்னால் கொக்கி போடச் சொல்லுங்கள். முதலில் நாடாவின் கொக்கி, பிறகு ஜிப். பாவாடைக் கனமெல்லாம் அந்த நாடாவில் நின்றுவிடும். மேல் பாகத்தின் லைனிங்கில் போனிங் என்று சொல்கிற பிளாஸ்டிக் குச்சிகளைச் செங்குத்தாக வைத்துத் தைத்தால் துணி மடிந்து இறங்காது. எங்கள் தெருத் தையற்காரம்மா இரண்டையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். இவ்வளவு நன்றாகத் தைத்தால், சிலருக்குத் தனியாகப் பாடியே வேண்டாம், கப்பை உள்ளேயே வைத்துத் தைத்துவிடலாம். பாடி வாங்கிய பிறகே உடைக்குக் கடைசி அளவு கொடுக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுத்தால்தான் உடை பொருந்தும்.

கீழே? உடம்பை ஒட்டிய உடையானால் தையல் தெரியாத ஜட்டி. விரிந்த பாவாடையானால் மெல்லிய பருத்தியில் ஒன்று உள்ளே போட்டு, அதன் மேல் கேன்கேன். வயிறு தெரியாமல் இருக்க இறுக்கிப் பிடிக்கிற ஷேப்வேர் இப்போது நிறைய விற்கிறது. ஓரிரு மணி நேரத்துக்குச் சரி. ரொம்ப இறுக்கினால் சாப்பிட்டது நெஞ்சுக்கு எதுக்களித்து வரும், தொடையின் வெளிப்புறம் மரத்துப்போகும். அப்படி மரத்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. தங்கை கல்யாணம், மச்சினர் கல்யாணம் என்று நீங்களும் இப்படி உடுத்த ஆசைப்படலாம். தாராளமாக உடுத்துங்கள். கம்பியும் இறுக்கமும் வெகு நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். அதனால் கம்பியில்லாத, மிருதுவான நீளப் பாடியாகப் பாருங்கள். உடுத்துவதற்கு முன் பால் கொடுத்துவிடுங்கள். முன்னால் திறக்கும் வசதி உள்ள உடையாக இருந்தால் மண்டபத்தில் திண்டாட வேண்டாம். மார்பு கல்லாகி, சிவந்து, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பிரசவத்துக்கு முன் வாங்கிய பாடி இப்போது சேராது. புதிதாக அளவு எடுங்கள்.

பாப்பாவின் படைக்குக் கல்யாணத்துக்கு இரண்டு மாசம் முன்பே தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வேர்வை தங்கி வந்த பூஞ்சைத் தொற்றுதான், பயமில்லை என்றார். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற களிம்பு சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்குமாம். முதலில் அடங்கின மாதிரி இருந்து பிறகு இரண்டு மடங்காகப் பரவும் என்று எச்சரித்தார். அவர் கொடுத்த மருந்தை நாள் தவறாமல் போட்டு, குளித்ததும் அந்த மடிப்பை ஒற்றி ஈரமெடுத்ததில் ஆறிவிட்டது.

இந்தத் தொற்றுக்கு நம் வெட்கமும் ஒரு காரணம். பாடியைத் துவைத்து, ஈரத் துண்டுக்கு அடியிலும் புடவைக்கு அடியிலும் ஒளித்து உலர்த்துகிறோம். அது காயாமல் நமத்துப்போய் நாறுகிறது, அதையே மறுநாள் போட்டுக்கொள்கிறோம். ஒளிக்காதீர்கள். காற்றோட்டமான நிழலில், தனியாகக் கொடியில் போடுங்கள். கொதிக்கிற வெயிலிலும் வெந்நீரிலும் எலாஸ்டிக் போய்விடும். கையால் கசக்கி, முறுக்காமல் பிழியுங்கள்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். கம்பி வைத்த பாடி போட்டால், கறுப்புப் பாடி போட்டால் புற்றுநோய் வரும் என்று போனில் செய்தி சுற்றுகிறது. அது பொய். 2014ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளையும், நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, பாடி அணிவதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று கண்டார்கள். ஆனால் அளவு எடுக்கக் கண்ணாடி முன் நிற்கிறீர்கள் அல்லவா, அப்போதே கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுப்பது, கசிவு இவை உண்டா என்று பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கவுன் வந்து சேர்ந்த அன்று வீட்டில் மறுபடி ஒரு பஞ்சாயத்து. என் நாத்தனாருக்கு இன்னும் தயக்கம். "அம்மா, நீங்களே சொல்லுங்க," என்று என் மாமியாரிடம் வழக்கைக் கொண்டுபோனார். எண்பது வயசு அவருக்கு. கவுனைப் புரட்டி, உள்ளே இருக்கும் நாடாவையும் குச்சியையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "எங்க பாட்டி கடைசி வரைக்கும் ரவிக்கையே போட்டதில்ல. ஒத்தச் சேலைதான். அதோட வயல்ல குனிஞ்சு நட்டிருக்கா, எட்டுப் பிள்ளை வளத்திருக்கா. ஒரு நாள் சேலை நழுவிப் பாத்ததில்ல. கட்டத் தெரிஞ்சா நழுவாது," என்றார். அதன்பின் யாரும் பேசவில்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் பாப்பாவை முழு உடையும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வீட்டில் நடமாட வைத்தோம். நீங்களும் இந்த ஒத்திகையை விடாதீர்கள். மாடிப்படி ஏறினாள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், பாட்டி காலில் விழுந்து எழுந்தாள். இடது அக்குளில் மட்டும் ஓரம் உராய்ந்தது. அங்கே மெல்லிய பட்டுத்துணி வைத்துத் தைத்துச் சரி செய்தோம். கைப்பையில் இரண்டு ஊக்கு, துணிக்கும் தோலுக்கும் ஒட்டுகிற நாடா கொஞ்சம், ஒரு கைக்குட்டை.

ரிசப்ஷன் அன்று பாப்பா வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னாள். சால்வை பெட்டியிலேயே கிடந்தது. "நிக்குமா" என்று கேட்ட பெண்மணியும் மேடைக்கு வந்தார், பாப்பா அவரையும் கும்பிட்டாள்.

ஆனால் எனக்குச் சந்தோஷம் அந்தக் கவுனில் இல்லை. அது ஒரு சாயங்காலத்து உடை. கல்யாணமாகி ஒன்றரை மாசம் கழித்து ஒரு நாள் பாப்பா போன் பண்ணினாள். அங்கே மாமியார் வீட்டில் சமையல், ஆபீஸ் என்று எல்லாம் சொல்லிவிட்டு, "அத்தை, தோள்ல அந்தப் பள்ளம் மறைஞ்சிட்டு வருது. இப்ப ஒண்ணுதான் போடறேன், 38," என்றாள். பின்னால் அவள் அம்மாவின் குரல் கேட்டது, பெண்ணைப் பார்க்கப் போயிருந்தார். "எனக்கும் ஒரு தடவை அளந்து பாக்கச் சொல்லுடி," என்றார் என் நாத்தனார், ஐம்பத்திரண்டு வயசில்.

உங்கள் வீட்டிலும் பத்து, பன்னிரண்டு வயசில் ஒரு பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தால், "நிமிர்ந்து நட" என்று அதட்டாதீர்கள். தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.